கடல் கடந்த ஆதரவாளன்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் மாத்தளையிலே இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். இலங்கையில் ஹொக்கி என்றதும் நினைவுக்கு வரும் ஊர்களில் மாத்தளை முதன்மையானது. மாலையில் மைதானப் பக்கமாக நடந்தால் மட்டையும் பந்தும் மோதும் ஓசை காதில் விழாமற் போகாது. ஆயினும் இன்றைய உரை மாத்தளையைப் பற்றியதன்று. ஆட்ட நுட்பங்களைப் பற்றியதுமன்று. ஒரு மனிதனைப் பற்றியது. தன் நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் வாழ்ந்துகொண்டு, அந்நாட்டு அணியின் வெற்றியையும் தோல்வியையும் தன் வீட்டுச் சங்கதியாகச் சுமந்து திரியும் மனிதன் அவன். இந்திய ஹொக்கி அணியின் புலம்பெயர்ந்த ஆதரவாளனையே இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பிரிவு நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. பாலைத்திணை முழுவதும் பிரிவையே பேசுகின்றது. பொருள் தேடிச் செல்பவனும் அவனுக்காகக் காத்திருப்பவளும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தலைவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. கார்காலம் வந்தால் தேர் வரும். இந்த நூற்றாண்டிலும் கடந்த நூற்றாண்டிலும் கடல் கடந்தவனோ பெரும்பாலும் திரும்பி வராதவன். அவன் எழுதும் கடிதங்களையும், அனுப்பும் பணத்தையும், தவறவிட்ட திருமணங்களையும், மரணச் செய்தி வந்த இரவுகளையும் நாம் கதைகளாக எழுதியிருக்கிறோம். அவன் நள்ளிரவில் விழித்திருந்து தன் நாட்டு அணியின் ஆட்டத்தைத் தொடர்ந்ததை அதிகம் எழுதவில்லை. அது அற்பமான விடயம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறதுபோலும். அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1928இல் அம்ஸ்டர்டாம் நகரில் இந்தியா ஒலிம்பிக் ஹொக்கியில் முதன்முறையாகத் தங்கப் பதக்கம் வென்றது. தொடர்ந்து 1932, 1936, 1948, 1952, 1956 என ஆறு ஒலிம்பிக் விழாக்களில் அப்பதக்கம் வேறெவரிடமும் போகவில்லை. முதல் மூன்றும் அடிமை நாட்டின் வெற்றிகள் என்பது கவனிக்கத்தக்கது. சொந்தக் கொடியின்கீழ் இந்தியா வென்ற முதலாவது தங்கம் 1948ஆம் ஆண்டுக்குரியது. அது கிடைத்த இடமும் நாளும்தான் விசேஷமானவை. இடம் இலண்டன், வெம்பிளி அரங்கு. நாள் 1948 ஆகஸ்ட் 12. சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைவதற்கு இன்னும் மூன்று நாள்கள் இருந்தன. எதிரணியோ பெரிய பிரித்தானியா. கிஷன் லால் தலைமையில் ஆடிய இந்திய அணி 4 - 0 என்ற கணக்கில் வென்றது. அவற்றில் இரண்டு கோல்களைப் போட்டவர் பல்பீர் சிங்.

அன்று இலண்டனில் வாழ்ந்த இந்தியன் ஒருவனின் மனநிலையைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். ஓராண்டுக்கு முன்வரை தன்னை ஆண்ட நாட்டின் தலைநகரிலே அவன் வாடகை அறையில் வாழ்கிறான். தன் நாடு இரண்டாகப் பிளந்து, பஞ்சாப் இரத்தத்தில் நனைந்த செய்திகளைப் பத்திரிகையிற் படித்து முடித்திருக்கிறான். முன்பு ஒரே அணியில் ஆடியவர்களிற் சிலர் இப்போது பாக்கிஸ்தான் அணியில் ஆடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவே மழையில் ஊறிய வெம்பிளிப் புற்றரையில் நான்கு கோல்கள். அந்த இரவில் அவன் வீடு திரும்பும்போது வீதியும் அதேதான், வாடகை அறையும் அதேதான். அவன் நடையில் மட்டும் ஏதோ மாறியிருக்கும். அந்த மாற்றத்தை எழுதுவதுதான் இலக்கியகாரனின் வேலை.

நேயர்களே, தொலைவில் இருப்பவனுக்கு அக்காலத்தில் எவ்வாறு செய்தி போய்ச் சேர்ந்தது என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். மறுநாட் பத்திரிகையின் மூலையில் நான்கு வரி. ஊரிலிருந்து விமானத் தபாலில் வரும் பத்திரிகைத் துண்டு. இவற்றைவிட்டால் சிற்றலை வானொலி. சிற்றலை என்பது வானத்தின் மேலடுக்கிலே பட்டுத் தெறித்துக் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அலை. அந்த மேலடுக்கு பகலுக்கொரு விதமாகவும் இரவுக்கொரு விதமாகவும் இருப்பதால், குரல் சிலவேளை பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். சிலவேளை கடலுக்கடியில் அமிழ்ந்துபோகும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு நேர்முக வர்ணனையைக் கேட்பதென்றால், பாதியைக் கேட்டு மீதியை மனத்தால் நிரப்ப வேண்டும். வானொலி முன் அமர்ந்தவன் கேட்பவன் மட்டுமல்லன், படைப்பவனும் அவனே.

இதற்கு 1975ஆம் ஆண்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவ்வாண்டு மார்ச் 15ஆம் திகதி கோலாலம்பூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இந்தியாவும் பாக்கிஸ்தானும் மோதின. பாக்கிஸ்தான் முதலில் ஒரு கோல் போட்டு முந்தியது. சுர்ஜித் சிங் அதைச் சமப்படுத்தினார். பின்னர், தியான் சந்தின் மகனான அசோக் குமார் அடித்த பந்து கோற்கம்பத்தில் பட்டுத் தெறித்து வெளியே வந்தது. கோட்டைத் தாண்டியதா, இல்லையா? நடுவர் விஜயநாதன், மலேசியத் தமிழர், கோல் எனத் தீர்ப்பளித்தார். பாக்கிஸ்தான் வீரர்கள் வாதிட்டும் பயனில்லை. 2 - 1 என இந்தியா உலகக் கிண்ணத்தைப் பெற்றது. ஜஸ்தேவ் சிங்கின் ஹிந்தி வர்ணனை இந்தியாவெங்கும் இல்லந்தோறும் ஒலித்தது. அரங்கிலே கண்ணாற் பார்த்தவர்களுக்கே ஐயம் இருந்தது. வானொலி கேட்டவனுக்கோ ஐயத்துக்கே இடமில்லை. குரல் சொன்னது, அவன் நம்பினான்.

அந்த ஆட்டத்தைச் சிற்றலையிற் கேட்ட ஒருவரை நான் நேரில் அறிவேன். 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் இலண்டனிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அயல் வீட்டிலே சீக்கியப் பெரியவர் ஒருவர் இருந்தார். தங்கையின் பிள்ளைகள் அவரைப் பாபாஜி என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னைப் 'பேட்டா' என்பார். மகனே என்று பொருள். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய தந்தையார் பஞ்சாபின் ஜலந்தர் பகுதியைச் சேர்ந்தவர். அங்கே சன்சார்ப்பூர் என்றொரு கிராமம் உண்டு. பத்துக்கு மேற்பட்ட ஒலிம்பிக் ஹொக்கி வீரர்களைத் தந்த சிற்றூர் அது. 1975இல் உலகக் கிண்ணத்தை ஏந்திய அணித் தலைவர் அஜித் பால் சிங்கும் அவ்வூரவரே. அதற்கு அடுத்த கிராமந்தான் தம்முடையது என்று பாபாஜி பெருமையோடு சொல்வார். ஆனால் அவர் பிறந்தது அங்கேயன்று. நைரோபியில்.

நேயர்களே, இங்கேதான் நமது விடயம் சிக்கலாகின்றது. ஆங்கிலேயர் கிழக்காபிரிக்காவில் புகையிரதப் பாதை அமைப்பதற்காக இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொண்டு சென்றார்கள். பின்னர் கைவினைஞரும் வணிகரும் எழுதுவினைஞரும் சென்றார்கள். சென்றவர்கள் ஹொக்கி மட்டையையும் கொண்டு போனார்கள். நைரோபியில் சீக்கிய யூனியன் என்ற கழகம் எழுந்தது. கென்யாவின் ஒலிம்பிக் ஹொக்கி அணியிலே சீக்கியப் பெயர்கள் நிறைந்தன. அவ்தார் சிங் சோஹால் நான்கு ஒலிம்பிக் விழாக்களில் ஆடி, மூன்றில் அணித் தலைவராகவும் விளங்கினார். 1971இல் பார்சிலோனாவில் நடந்த முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் மூன்றாமிடத்துக்காக மோதிய நாடுகள் எவை தெரியுமா? இந்தியாவும் கென்யாவும். மேலதிக நேரம்வரை நீண்ட அந்த ஆட்டத்தில் இந்தியா 2 - 1 என வென்றது. இரு பக்கத்திலும் சிங் என்ற பெயர்கள். ஒரே கிராமத்துக் கிணற்றுத் தண்ணீர் இரண்டு நிறச் சட்டைகளில் ஓடியது என்றே சொல்லலாம்.

பாபாஜி இளமையில் நைரோபிக் கழகமொன்றில் ஆடியவர். 1968இல், குடிவரவுச் சட்டம் இறுக்கப்படுவதற்கு முன்பாக அவசர அவசரமாக இலண்டனுக்கு வந்த ஆயிரக்கணக்கான கென்ய ஆசியரில் அவரும் ஒருவர். பார்சிலோனா ஆட்டத்தின்போது அவர் பிரித்தானியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த மூன்றாமிடப் போட்டியில் அவர் யாருடைய பக்கம்? நான் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பேட்டா, கென்யா நான் ஆடிய நாடு. இந்தியா நான் கேட்ட நாடு. அன்றைக்கு எது வென்றாலும் எனக்குப் பாதிதான் சந்தோஷம்."

'கேட்ட நாடு' என்ற சொல்லை நான் பலகாலம் மனத்தில் வைத்திருந்தேன். அவர் இந்தியாவில் வாழ்ந்தவர் அல்லர். இரண்டு முறை மட்டும் போய் வந்தவர். தந்தையின் பேச்சிலும் வானொலியின் குரலிலும் அந்த நாடு அவருக்குள் கட்டப்பட்டது. இத்தகைய நாட்டைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நம்மிற் பெரும்பாலோரும் நாட்டைப் பாதி பார்த்தும் பாதி கேட்டுந்தானே அறிகிறோம்.

எந்த நாட்டு அணிக்குக் கைதட்டுகிறாய் என்ற கேள்வி பலருக்கு வெறும் விளையாட்டல்ல. 1990இல் நோர்மன் டெபிட் என்ற பிரித்தானிய அரசியல்வாதி, புலம்பெயர்ந்து வந்தோர் கிரிக்கெட்டில் எந்த அணியை ஆதரிக்கிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களுடைய விசுவாசத்தை அளக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். அதற்குக் 'கிரிக்கெட் பரீட்சை' என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நேர்மையான அளவுகோல்போலத் தோன்றும். ஆனால் மனித மனம் ஒற்றைக் கதவுள்ள வீடன்று. பாபாஜி பிரித்தானியாவுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரி கட்டியவர். அந்நாட்டுத் தேர்தல் ஒன்றையும் தவறவிடாதவர். அவருடைய வானொலி முள் எங்கே நின்றது என்பது அவருடைய நேர்மையை எவ்வகையிலும் குறைக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். ஜபல்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பமொன்று 1947இல் அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்று. அக்குடும்பத்தின் பியர்ஸ் சகோதரர் ஐவரும் பின்னர் அவுஸ்திரேலிய ஹொக்கி அணிக்கு ஆடினார்கள். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் அரையிறுதியில் அவுஸ்திரேலியா 2 - 1 என இந்தியாவை வென்றபோது அந்த அணியிலே மூன்று பியர்ஸ் சகோதரர்கள் இருந்தார்கள். இந்திய மண்ணிலே கற்ற வித்தை இந்தியாவையே வென்றது. இதைத் துரோகம் என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. புலப்பெயர்வில் ஒருவன் ஆதரவாளனாகிறான், இன்னொருவன் எதிரணி வீரனாகிறான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவைதாம்.

இனி, ஆதரவாளனின் குறையையும் மறைக்காது சொல்ல வேண்டும். ஊரைவிட்டுப் போனவன் மனத்தில் ஊர் அவன் புறப்பட்ட நாளிலேயே நின்றுவிடுகிறது. பாபாஜிக்கு இந்திய ஹொக்கி என்பது 1975. அதற்குப் பின் நடந்த சரிவுக்கெல்லாம் அவர் ஒரே காரணந்தான் சொல்வார்: செயற்கைத் தரை. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹொக்கி ஆடப்பட்டது. அதில் இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. புற்றரையில் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து நெளிந்து செல்லும் கலைக்கு அங்கே மதிப்புக் குறைந்து, வேகமும் உடல் வலுவும் முன்னுக்கு வந்தன. அத்தகைய தரை அமைக்கப் பெரும் பணம் வேண்டும். கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. இவையெல்லாம் உண்மையே. ஆனால் முழு உண்மையன்று. அதே புற்றரைப் பாரம்பரியத்தைக் கொண்ட பாக்கிஸ்தான் 1984 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் 1994 சிட்னி உலகக் கிண்ணத்திலும் செயற்கைத் தரையிலேயே வென்றது. இதை நான் சொன்னபோது பாபாஜிக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றிவிட்டார். அன்பு இருக்குமிடத்திலே சிறிது குருட்டுத்தனமும் இருக்கும். அந்த இரண்டையும் ஒருங்கே காட்டும் எழுத்தே நல்ல எழுத்து.

1980 மொஸ்கோவில், தமிழகத்தைச் சேர்ந்த பாஸ்கரன் தலைமையில், ஸ்பெயினை 4 - 3 என வென்று பெற்ற தங்கம் இந்தியாவின் எட்டாவது ஒலிம்பிக் தங்கமாகும். அதன்பின் நீண்ட வரட்சி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு இந்தியா தகுதிகூடப் பெறவில்லை. 2012இல் தகுதி பெற்றது. இடம் மீண்டும் இலண்டன். 64 ஆண்டுகளுக்கு முன் பேரரசை வென்ற அதே நகரம். இம்முறை நீல நிறச் செயற்கைத் தரை. நெதர்லாந்து, நியூசிலாந்து, ஜேர்மனி, தென்கொரியா, பெல்ஜியம் என ஒவ்வொன்றாகத் தோற்று, பதினோராம் இடத்துக்கான கடைசிப் போட்டியில் தென்னாபிரிக்காவிடமும் 2 - 3 எனத் தோற்று, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக இந்தியா முடித்தது.

அந்தக் கடைசிப் போட்டிக்குப் பாபாஜி போயிருந்தார். பேரனையும் அழைத்தாராம், அவன் மறுத்துவிட்டான். தோற்கும் அணியைப் பார்க்கப் புகையிரதம் ஏறுவானேன் என்பது அவன் கட்சி. அன்று மாலை மதிலோரத்தில் நின்று நான் கேட்டேன்:

"பாபாஜி, ஐந்து ஆட்டமும் தோற்ற பிறகும் ஏன் போனீர்கள்?"

"தோற்பது அவர்கள் வேலை, பேட்டா. போவது என் வேலை" என்று சிரித்தார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "1948இல் எனக்கு எட்டு வயது. இலண்டன் வெற்றியைப் பற்றிய பத்திரிகைத் துண்டை அப்பா நைரோபி வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். இலண்டனிலே இந்தியா ஒலிம்பிக் ஆடும்போது அப்பாவுக்காக ஒருவர் போய் இருக்கத்தானே வேண்டும்" என்றார்.

வெற்றியை விரும்புவது எவருக்கும் இயல்பு. தோல்வியின் முன்னே போய் இருக்கையில் அமர்வது வேறொன்று. அதிலே கடமையும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது; செத்த வீட்டுக்குப் போவதில் உள்ளதுபோன்ற ஓர் உறவுமுறை இருக்கிறது. புலம்பெயர்ந்தவன் ஊரின் சாவுகளுக்கும் வாழ்வுகளுக்கும் போக முடியாதவன். போகக்கூடிய ஒன்றுக்காவது போகிறான்.

பாபாஜி 2019இல் காலமானார். அவருடைய காலத்து நாயகன் பல்பீர் சிங் 2020 மே மாதம் மறைந்தார். அந்த மாவீரரின் கதையிலும் ஒரு ஒற்றுமை உண்டு. முதுமையில் அவரும் கனடாவிலுள்ள மக்களோடு பல காலம் தங்கியவர். வெம்பிளியில் கோல் போட்டவரே பிற்காலத்தில் தூரத்திலிருந்து செய்தி கேட்கும் முதியவர்களில் ஒருவரானார்.

இருவரும் காணக் கொடுத்துவைக்காத நாள் 2021 ஆகஸ்ட் 5. டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கப் போட்டி. ஜேர்மனியிடம் 1 - 3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா 5 - 4 என முந்தியது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கையில் ஜேர்மனிக்கு ஒரு பெனால்டி கோர்னர் கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்தார். 41 ஆண்டுகளின் பின் ஒலிம்பிக் ஹொக்கியில் ஒரு பதக்கம். அப்போது இந்தியாவிலே காலை. டுபாயில் விடிந்துவரும் வேளை. ரொறொன்ரோவில் முதல் நாள் இரவு. இலண்டனில் நடுச்சாமம் கழிந்து இரண்டரை மணிக்குத் தொடங்கிய ஆட்டம். சிற்றலையின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்திருந்தது. விழித்திருந்த கண்கள் மட்டும் மாறவில்லை.

மறுநாள் தங்கை தொலைபேசியில் சொன்னாள். அயல் வீட்டில் ஒரு சாளரத்தில் மாத்திரம் விடியும்வரை வெளிச்சம் இருந்ததாம். விசாரித்தால், 2012இல் வர மறுத்த அதே பேரன். தாத்தாவின் நாற்காலியில் இருந்து தனியாகப் பார்த்தானாம். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாரம்பரியம் இப்படித்தான் கைமாறுகின்றது போலும். கொடுப்பவர் இருக்கும்வரை வாங்குபவனுக்கு அது தெரிவதில்லை.

அதற்கும் மூன்றாண்டுகளின் பின் 2024இல் பாரிஸ். காலிறுதியில் இந்தியாவுக்கு எதிரே நின்றது பெரிய பிரித்தானியா. அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேரோடு நெடுநேரம் போராடிய இந்தியா ஆட்டத்தை 1 - 1 எனச் சமநிலையில் முடித்து, பின்னர் தனித்தனிக் கோல் முயற்சியில் 4 - 2 என வென்றது. பின்பு ஸ்பெயினை வென்று மீண்டும் வெண்கலம் பெற்றது; ஸ்ரீஜேஷ் அத்தோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அந்தக் காலிறுதி நாளிலே நான் தங்கையிடம் ஒன்றை விசாரித்தேன். பேரன் பிறந்தது பிரித்தானியாவில், படித்தது அங்கே, கடவுச்சீட்டும் அந்நாட்டினது. இன்று அவன் யார் பக்கம்?

தங்கையும் அவனைக் கேட்டிருக்கிறாள். அவன் பதில் சொல்லவில்லையாம். தேநீர் போட உள்ளே போய்விட்டானாம்.

நேயர்களே, அந்த மௌனத்தை நான் குறையாகக் கருதவில்லை. 1971இல் பாட்டனாருக்கிருந்த அதே பாதிச் சந்தோஷம் இன்று பேரனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பரீட்சை வைத்து அளக்க முற்படுவோர் அந்த மௌனத்துக்குப் புள்ளி போடத் தெரியாமல் திண்டாடுவர். அரசியலுக்கு ஒரு பதில் வேண்டும்; பத்திரிகைத் தலைப்புக்கும் ஒரு பதில் வேண்டும். இரண்டு பதிலையும் ஒரே நெஞ்சில் வைத்திருப்பவனுக்கு இடங்கொடுக்கக் கூடியது இலக்கியம் ஒன்றுதான்.

நம்மவர்களும் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கிறார்கள். அவர்கள் தொலைவிலிருந்து எதையெல்லாம் தொடர்கிறார்கள், எதற்காக விழித்திருக்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். இளைய எழுத்தாளர்கள் அதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். பெரிய துயரங்களை மட்டுமே எழுத வேண்டும் என்ற நியதி இல்லை. இரவு இரண்டரை மணிக்கு எரியும் ஒற்றை விளக்கும் எழுதப்பட வேண்டியதே.